கடையிலிருந்து வீடுவரை: கனடாவில் ஒரு துவக்குப் பத்திரத்தின் வரலாறு



கடைத்தெருவிலே ஒரு பொருளை வாங்குகின்றோம். விலையைக் கொடுக்கின்றோம். பொருளை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றோம். வாங்கும் செயலிலும் வைத்திருக்கும் செயலிலும் அரசாங்கம் தலையிடுவதுண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டிலே சைக்கிளுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது. தாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இவ்வானொலிப் பெட்டிக்குங்கூட ஆண்டுதோறும் பணங் கட்டிப் பத்திரம் பெற்றுவந்தோர் நம்மிடையே இன்றும் உளர். ஆயினும், வாங்கிய பெட்டியைக் கடையிலிருந்து வீட்டிற்குத் தூக்கிச் செல்லும் அந்த அரை மணி நேரத்துக்கென்று தனியாக ஒரு பத்திரத்தை எவரும் கேட்டதில்லை.

அப்படியொரு பத்திரம் கனடா தேசத்தில் உண்டு. அங்கே ‘கட்டுப்படுத்தப்பட்ட சுடுகலன்’ என்று சட்டம் வகுத்துள்ள துவக்கொன்றை ஒருவர் மற்றொருவரிடமிருந்து முறைப்படி விலைக்கு வாங்கினாலும், அதனை வீட்டிற்குக் கொண்டுபோவதற்கு வேறொரு அதிகாரம் பெற்றிருத்தல் வேண்டும். விற்றவன் வீட்டில் அது இருப்பது குற்றமன்று. வாங்கியவன் வீட்டில் இருப்பதும் குற்றமன்று. இரண்டு வீட்டிற்கும் இடையிலே உள்ள தெருவில் இருப்பதுதான் குற்றம். பத்திரம் இருந்தால் அக்குற்றம் நீங்கும். கேட்பதற்கு விநோதமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு ஒரே நாளில் உண்டானதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அதற்குண்டு. அந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

கனடா ஒரு கூட்டரசாக அமைந்தது 1867ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டே, 1868 ஏப்பிரில் 7ஆம் நாள் அதிகாலையில், அக்கூட்டரசை அமைத்த பெரியோருள் ஒருவரான தோமஸ் டார்சி மகீ பாராளுமன்றக் கூட்டம் முடிந்து ஒட்டாவா நகரின் ஸ்பார்க்ஸ் வீதியிலிருந்த தமது தங்குவிடுதிக்குத் திரும்பினார். கதவைத் திறக்கப் போன வேளையிலே பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். பற்றிக் வீலன் என்னும் தையற்காரன் பிடிபட்டான். அவனிடம் றிவோல்வர் ஒன்று அகப்பட்டது. 1869 பெப்ருவரியில் அவன் தூக்கிலிடப்பட்டான். அவன்தான் சுட்டானா என்பது பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் ஐயுறுகின்றனர். அது நிற்க. உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க சிறு ஆயுதம் ஓர் அரசியல்வாதியின் உயிரை வாசற்படியிலே வாங்கிவிடும் என்பதை அந்த இளந் தேசம் முதல் ஆண்டிலேயே கண்டுகொண்டது.

அதன்பின் வந்த பத்தாண்டில் மலிவான றிவோல்வர்கள் கனடாவின் நகரங்களிலே பெருகின. நீண்ட துவக்கு வேட்டைக்காரனுக்கும் கமக்காரனுக்கும் உரிய கருவி என்றே கருதப்பட்டது. அதை ஒருவரும் நோக்கவில்லை. கைத்துப்பாக்கியோ நகரத்து வாலிபனின் சட்டைப்பையில் ஒளிந்திருப்பது. ஆதலால் சட்டத்தின் கண் முதலிலிருந்தே அதன்மேல் விழுந்தது. 1877இல் நீதி அமைச்சராயிருந்த எட்வட் பிளேக் கொணர்ந்த சட்டம், தக்க அச்சக் காரணமின்றிக் கைத்துப்பாக்கி கொண்டு திரிவோரைத் தண்டிக்க வழிசெய்தது.

ஆயினும் நமது பத்திரத்தின் பிறப்பை 1892ஆம் ஆண்டின் குற்றவியற் கோவையிலேதான் காண்கின்றோம். சேர் ஜோன் தொம்சன் நீதி அமைச்சராயிருந்த காலத்தில் நிறைவேறி, 1893 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த கோவை அது. ஒருவன் தன் வீடு, கடை, பண்டசாலை, கணக்குக் கந்தோர் ஆகிய நான்கிடங்களுக்குப் புறம்பே கைத்துப்பாக்கியைத் தன் உடலிற் கொண்டிருந்தால் குற்றம் என்று அது விதித்தது. ஐந்து டொலருக்குக் குறையாமலும் இருபத்தைந்து டொலருக்கு மேற்படாமலும் தண்டப்பணம். அல்லது ஒரு மாதம் சிறை. தாக்கப்படுவோம் என்று அஞ்சுதற்கு நியாயமான காரணம் உடையவனுக்கு விலக்கு. மற்றையோருக்கு, பதினாறு வயது நிரம்பியவராய், விவேகமும் நன்னடத்தையும் உடையவரென்று சத்தியக் கூற்றினால் மெய்ப்பிக்கப்பட்டவராய் இருந்தால், சமாதான நீதவான் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்கு ஒரு விலக்குச் சான்றிதழை வழங்கலாம். விற்பவனும் வாங்கியவனது பெயரையும் விற்ற நாளையும் ஆயுதத்தின் அடையாளத்தையும் ஏட்டிற் பதிந்துவைத்தல் வேண்டும்.

வீடு, கடை, பண்டசாலை, கந்தோர் என்று எண்ணிச் சொன்னார்களே அன்றி, இவற்றுக்கு இடைப்பட்ட வழியைப் பற்றி ஒன்றும் சொன்னாரல்லர். புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியைக் காகிதத்திற் பொதிந்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு சென்றவன் அதனை ‘உடலிற் கொண்டவன்’ ஆவானா என்பது வழக்கறிஞர் வாதாடத்தக்க வினா. அந்நாளில் எந்தப் பொலிஸ்காரனும் அவனை மறித்து வினவியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. எனினும் வீடு வேறு, தெரு வேறு என்ற கோடு கீறப்பட்டுவிட்டது. பின் வந்த சட்டங்களெல்லாம் அக்கோட்டின்மீதே மீண்டும் மீண்டும் எழுதியவை.

1913இல் தண்டனை மூன்று மாதச் சிறையாக உயர்ந்தது. அதன்பின் வந்தது உலகப் பெரும்போர். அதன் அடியொற்றி வந்தது 1919இன் வினிபெக் நகரப் பொது வேலைநிறுத்தம். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய தொழிலாளர்மேல் ஆள்வோருக்குப் பேரச்சம் உண்டாயிற்று. 1919, 1920ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் துவக்கு வைத்திருப்பதற்கே, அது எங்கிருந்தாலும், அனுமதிப் பத்திரம் வேண்டுமென்றன. நீதவானோ பொலிஸ் தலைவரோ குதிரைப் பொலிசாரோ அதனை வழங்கலாம்; ஓராண்டுக்கும், வழங்கிய மாகாணத்துக்குள்ளும் மட்டுமே அது செல்லும். பிரித்தானியப் பிரசைகள் முன்னரே தம்மிடமிருந்த நீண்ட துவக்குகளுக்குப் பத்திரம் பெறவேண்டியதில்லை. புதிதாகப் பெறுவனவற்றுக்கே பெறவேண்டும். கமக்காரரின் வெறுப்பு ஓங்கவே, 1921இல் நீண்ட துவக்குகள் பற்றிய விதி நீக்கப்பட்டது. ஆயின் எல்லாருக்குமாக நீக்கப்படவில்லை. ‘அந்நியர்’ எனப்பட்டோருக்கு அது அப்படியே நின்றது.

ஈண்டு ஓர் இடைக்குறிப்பு. அக்காலத்தில் இலங்கையராகிய நாமும் இந்தியரும் சட்டப்படி பிரித்தானியப் பிரசைகளே. கனடாவின் பண்ணையொன்றில் ஒரு யாழ்ப்பாணத்தவர் அப்போது வாழ்ந்திருப்பாராயின், துவக்குச் சட்டத்தின் கண்ணிலே அவர் சலுகை பெற்றவராயும், அயற் பண்ணையிலிருந்த உக்ரேனியர் ஐயத்துக்குரியவராயும் இருந்திருப்பர். ஆனால் அத்தகைய ஒருவர் அங்கே சென்று குடியேறுவதுதான் அரிதாயிருந்தது. 1914ஆம் ஆண்டு ‘கோமகதா மாரு’ என்னுங் கப்பலில் வன்கூவர் துறைமுகத்தை அடைந்த 376 பேரும் பிரித்தானியப் பேரரசின் பிரசைகளே. இரண்டு மாதம் கப்பலிலேயே காத்திருந்தபின், மிகச் சிலர் தவிர மற்றெல்லோரும் திருப்பியனுப்பப்பட்டனர். பத்திரங்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அரசு எந்தப் பொருளை அஞ்சிற்று என்பதோடு எந்த மனிதனை அஞ்சிற்று என்பதும் தெரியவரும்.

முப்பதுகளிலே பொருளாதார மந்தம் வந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து அமெரிக்கக் கொள்ளைக்கூட்டங்களின் கதைகளும் கைத்துப்பாக்கிகளும் சேர்ந்தே வந்தன. கைத்துப்பாக்கி வேண்டுவோர் காரணத்தைச் சொல்லவேண்டும் என்று 1930களின் தொடக்கத்தில் விதிக்கப்பட்டது. உயிரையோ உடைமையையோ காத்தல், அல்லது அங்கீகாரம் பெற்ற சூட்டுக் கழகத்திற் பயிலுதல் ஆகியன மட்டுமே ஏற்கத்தக்க காரணங்கள். வீட்டிற்கோ தொழிலிடத்திற்கோ வெளியே பத்திரமின்றிக் கொண்டுசெல்வதற்கான தண்டனை, மூன்று மாதத்திலிருந்து ஐந்தாண்டு வரை போகத்தக்கதாயிற்று. இது சிறிய தாவலன்று. 1934இல் ஒவ்வொரு கைத்துப்பாக்கியும் பதிவுசெய்யப்படவேண்டுமென்ற விதி வந்தது. உடையவர் பெயர், முகவரி, ஆயுதத்தின் விவரம் ஆகியவற்றைக் குதிரைப் பொலிசாரின் ஆணையாளரோ, மாகாணங்கள் குறித்த பொலிஸ் கந்தோர்களோ ஏட்டில் எழுதிவைத்தன. முன்பு மனிதனின் நன்னடத்தையைச் சான்றுபடுத்திய பத்திரம், இப்போது இன்ன ஆயுதம் இன்ன முகவரியில் இருக்கவேண்டும் என்பதைச் சான்றுபடுத்துவதாயிற்று. முகவரி எழுதப்பட்ட கணமே, அம்முகவரிக்குப் புறம்பாகப் பொருள் இருக்கும் நேரமெல்லாம் விளக்கம் வேண்டப்படும் நேரமாகிவிடுகின்றது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நீண்ட துவக்குகளையும் பதிவுசெய்தனர். போர் முடிந்ததும் விட்டுவிட்டனர். 1951இல் சிதறிக் கிடந்த கைத்துப்பாக்கிப் பதிவேடுகள் யாவும் குதிரைப் பொலிஸ் ஆணையாளரின் கீழ் ஒன்றாக்கப்பட்டன. 1968–69இன் திருத்தமே இன்றைய பெயர்களைத் தந்தது. சாதாரணச் சுடுகலன், கட்டுப்படுத்தப்பட்டது, தடைசெய்யப்பட்டது என மூன்று வகுப்பு. நடுவிலுள்ளதே நம் கதையின் நாயகன். வைத்திருக்கலாம், ஆனால் நினைத்தபடி வைத்திருக்க முடியாது என்பது அதன் இலக்கணம்.

அக்காலந்தொட்டு 1998 வரை ஒருவர் கைத்துப்பாக்கி வாங்கிய முறையைக் கேட்டால் நேயர்கள் வியப்படைவர். 1977ஆம் ஆண்டின் சட்டப்படி முதலில் சுடுகலன் பெறுதற்கான தகுதிச் சான்றிதழ் வேண்டும். பின்னர், ஒரு பொலிஸ் அதிகாரியாகவே பெரும்பாலும் இருந்த உள்ளூர்ப் பதிவாளரிடம் ஆயுதத்தைக் காட்டிப் பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். பதிவில்லாத கைத்துப்பாக்கியைத் தெருவில் எடுத்துச் செல்வது குற்றம். எடுத்துச் சென்று காட்டாவிட்டால் பதிவு கிடையாது. கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற இப்புதிரை அவிழ்த்தது ஒரு சிறு கடதாசி. ஆயுதத்தைக் குறித்த இடத்திலிருந்து குறித்த இடத்துக்குக் கொண்டுசெல்ல விடை தந்த பத்திரம் அது.

இனி, இப்பத்திரத்தின் வரலாற்றையே மாற்றிய ஒரு மாலைப் பொழுதைச் சொல்லவேண்டும். 1989 டிசெம்பர் 6ஆம் நாள் மொன்றியால் நகரின் பொலிற்றெக்னிக் பொறியியற் கல்லூரியில் ஒருவன் துவக்குடன் நுழைந்தான். ஒரு வகுப்பறையில் ஆடவரை வெளியேற்றிப் பெண்களைத் தனியே நிறுத்திச் சுட்டான். அன்று இறந்த பெண்கள் பதினால்வர். அவன் கையிலிருந்தது கைத்துப்பாக்கியன்று. கட்டுப்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்ததுமன்று. முறைப்படி வாங்கப்பட்ட, எந்தப் பதிவும் வேண்டாத, பகுதித் தானியங்கி நீண்ட துவக்கு. அன்று அக்கல்லூரியில் மாணவியாயிருந்து உயிர்தப்பிய ஹைடி ரத்ஜன் போன்றோரும், பிள்ளைகளை இழந்த பெற்றோரும் சட்டத்தை மாற்றும்படி ஆண்டுக்கணக்காகப் போராடினர். அவர்தம் உழைப்பின் பயனாக 1991இல் ஒரு சட்டமும் 1995இல் மற்றொன்றும் வந்தன. இரண்டுக்கும் அரச அங்கீகாரம் கிடைத்தது டிசெம்பர் 5ஆம் நாளில். அந்தத் துயரநாளின் முந்திய நாள்.

1995ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் 1998 டிசெம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, கட்டுப்படுத்தப்பட்ட சுடுகலன் பதிவேட்டிலுள்ள வீட்டிலேயே இருக்கவேண்டும் என்கிறது. 19ஆம் பிரிவு, அதனை அவ்வீட்டிலிருந்து வேறிடம் கொண்டுசெல்ல அதிகாரம் வழங்குவதைப் பற்றியது. இந்த அதிகாரத்தை வழங்குபவர் ஒவ்வொரு மாகாணத்துக்குமுரிய தலைமைச் சுடுகலன் அதிகாரி. அதிகாரமற்ற இடத்தில் ஆயுதம் இருக்கக் கண்டால் ஐந்தாண்டு வரை சிறை.

இச்சட்டத்தின் கீழ் ஒரு தனியார் விற்பனை எப்படி நடந்தேறியது? ஒருவரிடம் ஒரு கைத்துப்பாக்கி உண்டு. சூட்டுக் கழகத்து நண்பர் அதனை வாங்க விரும்புகின்றார் என வைத்துக்கொள்வோம். இருவரும் அனுமதிப் பத்திரம் உடையவர். வாங்குபவருடையது கட்டுப்படுத்தப்பட்ட வகுப்புக்கும் செல்லுபடியாவது. அதற்கெனத் தனிப் பாதுகாப்புப் பயிற்சியும் சோதனையும் உண்டு. விற்பவர் சுடுகலன் நிலையத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்கிறார். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மிராமிச்சி என்றோர் ஆற்றங்கரைப் பட்டினம். அதுகாறும் மரத்தொழிலுக்கும் மீனுக்கும் பேர்போன ஊர். தேசம் முழுவதன் துவக்கு விண்ணப்பங்களும் அவ்வூர்க் கந்தோரிலே வந்து குவிந்தன. அங்கே இருவரது இலக்கங்களும் பார்க்கப்படுகின்றன. வாங்குபவர் எதற்காக வாங்குகின்றார் என்ற கேள்வி எழுகின்றது. இலக்குச் சூட்டுப் பயிற்சியா, சேகரிப்பா, தொழிலா? காரணம் தக்கதென்று தலைமை அதிகாரி கண்டால், பழைய பதிவுச் சான்றிதழ் நீக்கப்பட்டு வாங்குபவர் பெயரிற் புதியது எழுதப்படுகிறது.

இப்போது ஆயுதம் அவருடையது. ஆனால் இருப்பதோ விற்றவரது வீட்டில். இங்கேதான் நமது பத்திரம் வருகின்றது. இன்னார், இன்ன இலக்கமுடைய ஆயுதத்தை, இன்ன முகவரியிலிருந்து இன்ன முகவரிக்குக் கொண்டுசெல்லலாம் என்று கூறும் பத்திரம். அது கைக்கு வரும்வரை, சொந்தக்காரர் தமது சொத்தைத் தொட்டுத் தூக்கிப் படி இறங்கலாகாது. வந்த பின்னரும் விதிகள் உள. ஆயுதத்தில் வெடி ஏற்றியிருத்தலாகாது. சுட முடியாதபடி பூட்டு மாட்டவேண்டும். உள்ளிருப்பது தெரியாத, எளிதில் உடைக்க முடியாத பெட்டியொன்றில் வைத்து அப்பெட்டியையும் பூட்டவேண்டும். வண்டியை விட்டு இறங்கிச் சென்றால் பெட்டி வண்டியின் பின்பக்க அறையிற் பூட்டப்பட்டிருக்கவேண்டும். இதனை எழுதியவர்கள் வழியிலுள்ள தேநீர்க் கடையையும் மறக்கவில்லை என்பது தெளிவு.

இத்துணைக் கட்டுப்பாடும் எதற்கு என்று கேட்டோர் கனடாவிலே பலர். அவர்கள் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பத்திரம் கேட்டுத் தொலைபேசியின் முன் காத்திருப்பவன் கள்ளன் அல்லன். கள்ளன் பத்திரம் கேட்பதில்லை என்றனர். அல்பேட்டா மாகாணம் சட்டத்தையே எதிர்த்து வழக்காடியது. 2000ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. செலவைப் பற்றிய குற்றச்சாட்டோ இன்னும் வலியது. வருமானம் கழித்து இரண்டு மில்லியன் டொலரே அரசுக்குச் செலவாகும் என்று தொடக்கத்திற் சொல்லப்பட்ட திட்டம், 2004–05 அளவில் ஆயிரம் மில்லியனைத் தாண்டிவிடும் என்று கணக்காய்வாளர் நாயகம் ஷீலா பிரேசர் 2002இல் அறிக்கையிட்டார். அந்த அறிக்கையிலிருந்து நீண்ட துவக்குப் பதிவேடு மீளவேயில்லை. 2012 ஏப்பிரிலில் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. கட்டுப்படுத்தப்பட்டவற்றின் பதிவேடு மட்டும் தொடர்ந்து நிற்கிறது.

பத்திரம் உயிரைக் காக்குமா? இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். 2006 செப்டெம்பர் 13ஆம் நாள் மீண்டும் மொன்றியாலிலே, டோசன் கல்லூரியில், ஒருவன் சுட்டதில் இளம் மாணவி ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். அவன் கொண்டுவந்த ஆயுதங்கள் யாவும் அவன் பெயரில் முறைப்படி பதிவாகியிருந்தன. அனுமதிப் பத்திரம் இருந்தது; பதிவுச் சான்றிதழும் இருந்தது. கல்லூரிக்குச் செல்லும் வழிக்கு மட்டும் பத்திரம் இல்லை. அது இல்லாமை அவனைத் தடுக்கவில்லை. மற்றது, 2018 யூலை 22ஆம் நாள், நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் ரொறன்ரோ நகரின் டன்போர்த் சாலையில் நடந்தது. உணவுச்சாலைகளில் அமர்ந்திருந்த மக்கள்மீது ஒருவன் சுட்டதில் பதினெட்டு வயதுப் பெண்ணும் பத்து வயதுச் சிறுமியும் மாண்டனர்; பதின்மூவர் காயமடைந்தனர். அந்தக் கைத்துப்பாக்கி சஸ்கச்சவன் மாகாணத்திற் களவு போனது. அவன் கையில் ஒரு பத்திரமும் இல்லை.

ஒன்றில் எல்லாப் பத்திரமும் இருந்தது. மற்றொன்றில் எதுவும் இருக்கவில்லை. இவற்றைக் காட்டி இருதரத்தாரும் தத்தம் கட்சியையே நிலைநாட்டினர். என் மனத்திற்குப் படுவது வேறு. வழிப் பத்திரம் கொலைகாரனை மறிக்கும் சுவர் என்று எண்ணியதுதான் பிழை. இரவிலே வண்டியை நிறுத்திய பொலிஸ்காரர் பின்பக்க அறையில் ஒரு கைத்துப்பாக்கியைக் கண்டால், ‘இது ஏன் இங்கே’ என்ற வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ உடனே விடை கிடைக்கவேண்டும். அவ்வளவே அதன் தொழில். அத்தொழிலை அது செம்மையாகச் செய்தது. அதனைச் செய்வதற்கு இத்தனை தொலைபேசி அழைப்பும் காத்திருப்பும் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதில் துவக்குக்காரர் பக்கம் நியாயம் உண்டென்றே நினைக்கின்றேன்.

அந்த நியாயம் 2015இல் வெற்றி கண்டது. அவ்வாண்டின் சட்டத்தால், பயணத்துக்குப் பயணம் பத்திரம் வாங்கும் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. சூட்டுத் திடல், துவக்குக் கடை, துவக்குத் திருத்துவோன், பொலிஸ் நிலையம் முதலிய இடங்களுக்குத் தன் மாகாணத்துள் சென்றுவரும் அதிகாரம் அனுமதிப் பத்திரத்தோடேயே ஒட்டிவந்தது. ஒரு நிபந்தனை மட்டும்: செல்லும் வழி, சூழ்நிலைக்கேற்ப, நியாயமான அளவுக்கு நேர்வழியாக இருக்கவேண்டும். கனடாவின் பனிக்காலத்தில் நேர்வழி எது என்பதை யார் தீர்ப்பது என்று சட்டம் சொல்லவில்லை.

அடுத்த அரசாங்கம் கயிற்றை மீண்டும் இறுக்கியது. 2019இல் நிறைவேறிய சட்டத்தின் இப்பகுதி 2021 யூலையில் நடைமுறைக்கு வந்தது. கடைக்கும் திருத்துவோனிடமும் செல்லும் தானியங்கு அதிகாரம் போயிற்று. அவற்றுக்கு மீண்டும் தனித்தனிப் பத்திரம். இரண்டு பயணங்களை மட்டும் விட்டுவைத்தனர். ஒன்று, சூட்டுத் திடலுக்குச் சென்று திரும்புதல். மற்றது, புதிதாகப் பெற்ற ஆயுதத்தைப் பெற்ற இடத்திலிருந்து வீட்டிற்குக் கொண்டுபோதல். இத்தனை இழுபறியிலும் வீடு திரும்பும் வழியை இருதரத்தாருமே விட்டுக்கொடுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. விற்பனைக்கு ஒப்புதல் தந்த அரசு, வாங்கியவன் அதனை வீட்டில் வைப்பதையே விரும்பும். நடுவழியில் நிற்பதை யார்தான் விரும்புவர்?

ஆனால் அவ்வழி திறந்திருந்தது சிறிது காலமே. 2020 ஏப்பிரில் 18, 19ஆம் நாட்களில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஒருவன் இருபத்திரண்டு பேரைக் கொன்றான். அவனிடம் அனுமதிப் பத்திரமே இருக்கவில்லை; ஆயுதங்களுட் சில அமெரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டவை. மே முதலாந் திகதி ஏறத்தாழ 1,500 வகைத் துவக்குகள் தடைசெய்யப்பட்டன. மொன்றியாலில் 1989இல் பயன்பட்ட வகையும் அவற்றுள் ஒன்று, முப்பதாண்டு சென்றபின். 2022 மே மாத இறுதியிலே கைத்துப்பாக்கி விற்பனையை முற்றாக நிறுத்தப் போவதாக அரசு அறிவித்ததும், கடைகளில் வாங்குவோர் கூட்டம் பெருகியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் நாள், தனியாட்கள் கைத்துப்பாக்கியை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் தேசம் முழுவதும் நிறுத்தப்பட்டன. 2023 டிசெம்பர் 15இல் அது சட்டத்தில் நிலைபெற்றது. தொழில் காரணமாகவோ உயிர்க்காப்புக்காகவோ ஏந்திச்செல்லும் உத்தரவு பெற்ற சிலருக்கும், ஒலிம்பிக் போட்டிச் சூட்டில் ஈடுபடுவோருக்குமே விலக்கு.

முன்னரே பதிவாகிய கைத்துப்பாக்கிகள் உரியவர் வீடுகளிலே பூட்டிய பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றை அவர்கள் வைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு சூட்டுத் திடலுக்குச் சென்று மாலையில் திரும்பலாம். அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் உடையவர் காலமானபின், தந்தையின் கைத்துப்பாக்கி மகனுக்கு வருவதில்லை, அம்மகனிடம் செல்லுபடியாகும் அனுமதிப் பத்திரம் இருந்தாலும். சொத்தைப் பொறுப்பேற்றவர் அதனைப் பொலிசாரிடம் ஒப்படைக்கலாம், சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யலாம், விலக்குப் பெற்ற ஒருவருக்கோ உத்தரவுள்ள வணிகருக்கோ கொடுக்கலாம். தந்தையின் வீட்டிலிருந்து தன் வீட்டிற்கு அதனைக் கொண்டுபோவதற்குரிய பத்திரத்தை மட்டும் அவர் எந்தக் கந்தோரிலும் பெற முடியாது.